நாலு பேருக்கு நாலு கிண்ணம்

(திருவண்ணாமலையில் நடந்த நம் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், நிர்வாகிகள் சார்பில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)

 

வழக்கமா இந்த நேரத்தில் கடன், வட்டி, தவணை, தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்னிக்கு அதெல்லாம் பேசப்போறதில்லை. அடுப்பைப் பத்திப் பேசப்போறோம். "அடுப்பைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? அதைக் கேக்கவா பஸ் பிடிச்சு வந்தோம்?" என்று நினைக்காதீங்க. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

போன ஆடி மாசக் கூட்டத்தில் நடந்ததை நீங்க எல்லோரும் பார்த்தீங்க. கணக்கு நோட்டை வாசிச்சிட்டிருந்த ஒரு தங்கச்சி, நின்ன இடத்திலேயே மயங்கி விழுந்தாங்க. தண்ணி தெளிச்சு, உட்கார வைத்து, "காலையில் என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டோம். "டீ குடிச்சேன்" என்று சொன்னாங்க. அவ்வளவுதான்.

அந்தத் தங்கச்சி என்ன வேலை பார்க்கிறாங்க தெரியுமா? ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைக்கிறாங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, வீட்டு வேலையை முடிச்சு, பள்ளிக்கூடத்துக்குப் போய், உப்புமாவும் சாம்பாரும் செய்து, அத்தனை பிள்ளைகளுக்கும் தட்டில் போட்டுக் கொடுத்துட்டு வந்தவங்க. ஊர்ப் பிள்ளைங்க வயிறு நிறைஞ்சிருச்சு. சமைத்தவங்க வயிறு காலி.

அன்னிக்கு நாங்க கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டோம். "இன்னிக்குக் காலையில் வயிறாரச் சாப்பிட்டவங்க கை தூக்குங்க." பாதிப் பேருக்கு மேல் கை தூக்கலை. மேடையில் உட்கார்ந்திருந்த எங்களிலேயே ரெண்டு பேர் தூக்கலை. அதனால் நாங்க உங்களுக்குப் புத்தி சொல்ல வரலை. எங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுறோம்.

1989ம் வருஷமும் ஒரு முட்டையும்

நம் தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது புது விஷயம் இல்லை. காமராசர் முதலமைச்சரா இருந்தப்போ 1956ல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982 ஜூலை 1ம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

1989ம் வருஷத்தை நாம் நல்லா நினைவில் வைக்கணும். அந்த வருஷம் மூணு காரியம் நடந்தது. ஒண்ணு, வட ஆற்காட்டிலிருந்து பிரிஞ்சு நம் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. ரெண்டு, பக்கத்து தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது. நாம் இன்னிக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறதுக்கு விதை அங்கேதான் போட்டாங்க. மூணாவது, கலைஞர் முதலமைச்சரா இருந்தப்போ சத்துணவில் முட்டை சேர்ந்தது. முதலில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைதான். அது கொஞ்சம் கொஞ்சமா ஏறி 2010ல் வாரம் 5 முட்டை ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். வெள்ளிக்கிழமையில் வேகவைத்த உருளைக்கிழங்கும் கொடுத்தாங்க. அப்போ பள்ளிக்கூடத்தில் படிச்ச நம்மில் பலர் அந்தக் கிழங்கை மறந்திருக்க மாட்டோம்.

அப்புறம் 2022 செப்டம்பர் 15ம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதில் சமைக்க வந்தவங்க யாரு? கிராமங்களில் பெரும்பாலும் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அளந்து போட்டுச் சமைக்கக் கத்துக்கிட்டோம்.

இதையெல்லாம் ஏன் சொல்றோம்? காலையில் சாப்பிட்டால்தான் பிள்ளைக்குப் படிப்பு ஏறும் என்று ஊருக்கே தெரிஞ்சு போச்சு. ஆனா, காலையில் சாப்பிட்டால்தான் அம்மாவால் வேலை செய்ய முடியும் என்பது நமக்கே இன்னும் தெரியலை. பள்ளிக்கூடத்தில் தலைக்கு இவ்வளவு என்று அளக்கிறோம். வீட்டில் நம் தலையை மட்டும் எண்ண மறந்துடறோம்.

ரத்தம் எங்கே போச்சு?

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு என்ன சொல்லுது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது, உங்க பக்கத்தில் இருக்கிறவங்களைப் பாருங்க. ரெண்டு பேரில் ஒருத்தருக்கு ரத்தம் குறைவு. அவங்களுக்கு இல்லைன்னா உங்களுக்கு.

இதுக்குக் காரணம் பலது. மாதவிடாய், அடுத்தடுத்துப் பிரசவம், குடல் புழு, சத்து இல்லாத சாப்பாடு. கூடவே நமக்கு ஒரு பழக்கம் இருக்கு. வீட்டுக்காரர், மாமனார், மாமியார், பிள்ளைங்க எல்லோரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு சட்டியில் மிஞ்சினதை வழிச்சுப் போட்டுக்கிறது. மிஞ்சலைன்னா டீ.

வீட்டில் முட்டை வாங்கினா என்ன நடக்குது? நாலு முட்டை வேகவைப்போம். வீட்டுக்காரருக்கு ரெண்டு, பையனுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. சில வீட்டில் பொண்ணுக்கும் பாதிதான். "எனக்குப் பிடிக்காது, நான் சாப்பிட மாட்டேன்" என்று சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவோம். உண்மையில் பிடிக்காதா? நாலு பேரா எண்ணி வாங்கும்போதே நம்மை எண்ணலை. அதுதான் காரணம்.

வீட்டுக் கோழி போடுற முட்டையைக் கடையில் கொடுத்துட்டு, அந்தக் காசில் பிள்ளைக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்குறவங்களும் நம்மில் இருக்காங்க. கொடுத்தது சத்து, வாங்கினது மாவும் சர்க்கரையும். இது லாபமா நஷ்டமா என்று நீங்களே கணக்குப் போடுங்க.

அவசரக் காலைக்கு ஒரு பக்குவம்

"எல்லாம் சரி, நேரம் எங்கே இருக்கு?" என்று கேப்பீங்க. நியாயம்தான். காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தணும். பூப்பறிக்கப் போறவங்க இருட்டிலேயே கிளம்பணும். செய்யாறு சிப்காட் கம்பெனிக்குப் போற பொண்ணுங்களுக்கு வேன் வந்துடும். பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பணும். அதனால் ஒரு கடாய், ஒரு குக்கர், இருபது நிமிஷத்தில் முடியுற ஒரு பக்குவத்தைச் சொல்றோம். உருளைக்கிழங்கு பொடிமாஸ் உங்களுக்குத் தெரியும். முட்டைப் பொடிமாஸும் தெரியும். ரெண்டையும் ஒண்ணா சேர்க்கிறதுதான் இது.

நாலு பேருக்கு வேண்டியவை:

உருளைக்கிழங்கு அரை கிலோ
முட்டை 4
பெரிய வெங்காயம் 2 (சின்ன வெங்காயம் என்றால் ஒரு கைப்பிடி)
தக்காளி 1, பச்சை மிளகாய் 2
முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி
கடலை எண்ணெய் 3 டீஸ்பூன்
கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளிக்க
மஞ்சள்தூள் கொஞ்சம், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், உப்பு
எலுமிச்சம்பழம் அரை மூடி

செய்முறை:

முதல் நாள் ராத்திரியே கீரையை ஆய்ந்து வைங்க. கிழங்கை மண் போகக் கழுவி வைங்க. வெங்காயத்தை உரிச்சு வைங்க. இது பேச்சுவாக்கில் முடியுற வேலை.

காலையில் கிழங்கைத் தோலோடு நாலா நறுக்கி, அரை டம்ளர் தண்ணி, உப்பு, மஞ்சள் போட்டுக் குக்கரில் ரெண்டு விசில் விடுங்க. மதியச் சாப்பாட்டுக்குக் குக்கரில் சோறு வைக்கிறவங்க, அதே குக்கரில் மேல் பாத்திரத்தில் கிழங்கை வைத்துடலாம். கேஸ் மிச்சம்.

விசில் அடங்குறதுக்குள் வெங்காயம், தக்காளி, மிளகாயை நறுக்குங்க. கடாயில் எண்ணெய் ஊற்றித் தாளிச்சு, வெங்காயம், மிளகாய் வதக்கி, தக்காளியும் கீரையும் போட்டு மூணு நிமிஷம் வதக்குங்க. வெந்த கிழங்கைக் கையால் அங்கங்கே மசிச்சுப் போட்டுக் கிளறுங்க. முழுக்க மாவா ஆக்க வேண்டாம்.

அடுத்தது முட்டை. நேராக் கடாயில் உடைக்காதீங்க. ஒவ்வொண்ணா ஒரு டம்ளரில் உடைச்சுப் பார்த்து ஊத்துங்க. ஒண்ணு கெட்டுப்போயிருந்தாலும் மொத்தமும் வீணாயிடும். கிழங்கை ஓரமா ஒதுக்கி, நடுவில் முட்டையை ஊற்றி, பாதி கெட்டியானதும் எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறுங்க. ஈரப்பசை போய் முட்டை நல்லா வேகணும். மிளகுத்தூள் தூவி, ஒரு நிமிஷம் மூடி வைத்து இறக்குங்க. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்க. அடுப்பில் இருக்கும்போது பிழிஞ்சா கசக்கும், அதிலுள்ள வைட்டமின் சி சத்தும் குறையும்.

கிண்ணம்தான் முக்கியம்

இப்போ நாம் சொல்லப் போறதுதான் இந்தப் பேச்சிலேயே முக்கியமான விஷயம். கடாயை இறக்கினதும் யாரையும் சாப்பிடக் கூப்பிடாதீங்க. முதலில் நாலு கிண்ணத்தை எடுத்து வரிசையா வைங்க. நாலிலும் சமமாப் போடுங்க. அப்புறம் கூப்பிடுங்க.

அவிச்ச முட்டை என்றால் எடுத்து அடுத்தவங்க தட்டில் வைத்துடுவோம். பொடிமாஸில் முட்டை கிழங்கோடு கலந்துடுது. பிரிச்சு எடுக்க முடியாது. நாலு கிண்ணத்திலும் ஒவ்வொரு முட்டைச் சத்து போய்ச் சேரும். பையனுக்கு எவ்வளவோ பொண்ணுக்கும் அவ்வளவு. நாலாவது கிண்ணம் யாருடையது? உங்களுடையது. அதை மூடி வைத்துட்டு "அப்புறம் சாப்பிடலாம்" என்று நினைக்கக் கூடாது. அப்புறம் என்று வைத்தால் அது யாருக்காவது போயிடும். உட்கார்ந்து, அவங்களோடவே சாப்பிடுங்க.

வயல் வேலை, ஏரி வேலைக்குப் போறவங்களுக்கு இந்த ஒரு கிண்ணம் மட்டும் போதாது. கூட ஒரு கேழ்வரகு அடையோ, நம் ஜவ்வாது மலைச் சாமையில் ஒரு கரண்டிச் சோறோ சேர்த்துக்கணும். கூழ் குடிக்கிற வீட்டில் கூழுக்கு இதைத் தொட்டுக்கலாம். கூழை விட்டுடுங்க என்று நாங்க சொல்லவே மாட்டோம்.

இதில் என்ன சத்து?

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கு. தசை வளர, உடம்பு தேற இது வேணும். கிழங்கு வேலை செய்யத் தெம்பு கொடுக்கும். முருங்கைக்கீரையில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் இருக்கு. எலுமிச்சையும் தக்காளியும் அந்த இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிச்சா இரும்புச்சத்து சரியாச் சேராது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறோம். முட்டை மட்டுமே சாப்பிட்டு ரத்தசோகை போயிடாது. ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கிறவங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்து, கொடுக்கிற மாத்திரையை விடாமல் சாப்பிடணும். சாப்பாடு அதுக்குத் துணை.

செலவு எவ்வளவு?

விலை நாளுக்கு நாள் மாறுது. ஒரு கணக்குக்காக முட்டை 7 ரூபாய், கிழங்கு கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு முட்டை 28 ரூபாய். அரை கிலோ கிழங்கு 20 ரூபாய். வெங்காயம், தக்காளி, மிளகாய்க்கு 10. எண்ணெய், தாளிப்பு, எலுமிச்சைக்கு 10. கீரை வீட்டு மரத்திலேயே இருக்கு. மொத்தம் 68 ரூபாய். தலைக்கு 17 ரூபாய்.

இதையும் குறைக்க வழி இருக்கு. நாம் குழுவா இருக்கோமே! வாரம் ரெண்டு நாள் செய்தால் ஒரு வீட்டுக்கு 8 முட்டை. 15 பேர் கொண்ட குழுவுக்கு 120 முட்டை. ஒரு அட்டையில் 30 முட்டை. அப்போ 4 அட்டை. சில்லறையா வாங்காமல், மொத்த வியாபாரியிடம் 4 அட்டையாச் சேர்த்து வாங்கினா விலை குறையும். முட்டைக்கு 50 காசு குறைஞ்சாலே வாரம் 60 ரூபாய் மிச்சம். நாமக்கல் விலை தினமும் பேப்பரில் வருது. அதைப் பார்த்துப் பேரம் பேசுங்க. கிழங்கையும் உழவர் சந்தையில் சேர்த்து வாங்கிப் பிரிச்சுக்கலாம். கணக்கு எழுதத் தெரிஞ்ச நமக்கு இது பெரிய காரியமா?

வாங்கும்போதும் வைக்கும்போதும்

கிழங்கு பச்சை நிறமா மாறியிருந்தா வாங்காதீங்க. பச்சை ஏறின கிழங்கிலும் முளையிலும் நஞ்சு இருக்கு. வேகவைத்தாலும் அது போகாது. கிழங்கை வெளிச்சம் படாத, காற்றாடும் இடத்தில் கூடையில் வைங்க. வெங்காயத்தோடு சேர்த்து வைக்காதீங்க, ரெண்டும் சீக்கிரம் கெடும்.

முட்டை நல்லதா என்று பார்க்க ஒரு பாத்திரத் தண்ணியில் போடுங்க. அடியில் படுத்தால் புதுசு. அடியில் செங்குத்தா நின்னா பழசு, சீக்கிரம் செலவழிங்க. மிதந்தால் தூக்கிப் போடுங்க. முட்டையைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. செய்த பொடிமாஸைக் காலையிலேயே முடிச்சிடுங்க. நம்ம ஊர் வெயிலில் சாயங்காலம் வரை வைத்துச் சாப்பிடக் கூடாது.

நீங்கள் கேட்ட கேள்விகள்

"கிழங்கு வாய்வு ஆச்சே?" என்று ஒரு அம்மா கேட்டாங்க. கிழங்கு எல்லோருக்கும் வாய்வு தராது. உங்களுக்கு ஒத்துக்கலைன்னா பூண்டு நாலு பல் தட்டிப்போட்டுப் பாருங்க. அப்பவும் ஒத்துக்கலைன்னா கிழங்கைக் குறைச்சுக் காய் போடுங்க.

"சர்க்கரை இருக்கிறவங்க சாப்பிடலாமா?" கிழங்கைப் பாதியாக் குறைச்சு, பீன்ஸ், கோஸ், கீரையைக் கூட்டிக்கணும். அளவை டாக்டரிடம் கேட்டுக்குங்க.

"கர்ப்பிணிக்கு முட்டை சூடு என்று மாமியார் சொல்றாங்க." முட்டை நல்ல உணவு. நல்லா வெந்திருக்கணும், அதுதான் முக்கியம். ஆஃப்பாயில், பச்சை முட்டை கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் வேண்டாம். மாமியாரோடு சண்டை போடாதீங்க. கிராம சுகாதார செவிலியர் வரும்போது அவங்க முன்னாடியே இந்தக் கேள்வியைக் கேளுங்க.

"பௌர்ணமி, கிருத்திகை, வெள்ளிக்கிழமையில் என்ன பண்றது?" அண்ணாமலையார் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறவங்களும், பாதையில் கடை போடுறவங்களும் நம்மில் நிறையப் பேர். அன்னிக்கு முட்டைக்குப் பதிலா, ராத்திரி ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலையோ, பச்சைப்பயறோ, நம் மண்ணில் விளையும் வேர்க்கடலையோ ரெண்டு கைப்பிடி போடுங்க. முட்டையே தொடாத வீட்டுக்கும் இதுதான். விரதம் இருக்கிறவங்க இருங்க. ஆனா வேலை அதிகம் என்று தினமும் பட்டினி கிடக்கிறதுக்கு விரதம் என்று பேர் வைக்காதீங்க.

ஒரு தீர்மானம்

நாம் தீர்மான நோட்டில் சேமிப்பு எழுதுறோம், கடன் எழுதுறோம், வராதவங்க பேர் எழுதுறோம். இந்த மாசத்திலிருந்து ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் வருகைப் பதிவு முடிஞ்சதும் ஊக்குநர் ஒரு கேள்வி கேட்கணும். "இன்னிக்குக் காலையில் சாப்பிட்டீங்களா?" இல்லை என்று சொல்றவங்களைத் திட்ட வேண்டாம். ஏன் என்று கேளுங்க. நேரம் இல்லையா, காசு இல்லையா, வீட்டில் யாராவது ஏதாவது சொல்றாங்களா? கடன் கட்ட முடியாத உறுப்பினருக்கு எப்படித் துணை நிற்கிறோமோ, அப்படியே இதுக்கும் நிற்போம். தவணை தவறினா வங்கி கேட்கும். சாப்பாடு தவறினா நம்மைத் தவிர யார் கேட்பாங்க?

ஆடி மாசம் மயங்கி விழுந்த அந்தத் தங்கச்சி இன்னிக்கும் இங்கே வந்திருக்காங்க. பரிசோதனை செய்து மாத்திரை சாப்பிடறாங்க. இப்போ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி தன் கிண்ணத்தை முடிச்சிட்டுத்தான் வாசப்படி தாண்டறாங்களாம். முதல் நாள் அவங்க நாலு கிண்ணம் எடுத்து வைத்தப்போ, ஆறாவது படிக்கிற அவங்க பொண்ணு, "அம்மா, நாலாவது யாருக்கு? விருந்தாளி வர்றாங்களா?" என்று கேட்டுச்சாம்.

அந்தக் கேள்வி நம் வீட்டுப் பிள்ளைங்க வாயிலிருந்து இனிமேல் வரக் கூடாது. அதுக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினோம்.

நாளைக்குக் காலையில் நாலு கிண்ணம் எடுத்து வைங்க. அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்லுவோம். எல்லாக் கையும் மேலே வரணும்.